பாவனைச் சுற்றின் பிழையும் அறிவின் அளவையும்

ஒருவர் தாம் அறிந்ததாகக் கொள்வது மெய்யறிவுதானா, மெய்யறிவைப் போலத் தோன்றும் போலியா என்பதை எதைக்கொண்டு தீர்மானிப்பது என்னும் கேள்வி எல்லாச் சமயத் தத்துவங்களுக்கும் தலைவாயிலாக நிற்பது. இறை, உயிர், உலகம் ஆகியவற்றைப் பற்றித் தம் முடிவுகளைக் கூறப் புகுமுன், அவற்றை அறிவதற்குரிய வழிகள் யாவை, அவ்வழிகள் எவ்வெவ்விடங்களில் தவறும் என்று வரையறுப்பதைத் தமிழ்ச் சமய நூலோர் தம் முதற்கடமையாகக் கொண்டனர். அந்த ஆராய்ச்சியை அளவையியல் என்றும், அறியும் வழி ஒவ்வொன்றையும் அளவை என்றும் வழங்கினர். காவிரிப் படுகைக்கு இவ்வாராய்ச்சியோடு நெடுங்காலத் தொடர்பு உண்டு. பூம்புகாரில் பிறந்த பெண்ணைத் தலைவியாகக் கொண்ட மணிமேகலைக் காப்பியம் அளவைகளையும் அவற்றின் போலிகளையும் வரிசைப்படுத்திப் பேசுகிறது. 18ஆம் நூற்றாண்டில் திருவாவடுதுறை ஆதீனத்தைச் சேர்ந்த சிவஞான முனிவர் சைவ சித்தாந்த நூலாகிய சிவஞானபோதத்திற்கு மாபாடியம் வரைந்ததோடு, தருக்க சங்கிரகம் என்னும் வடமொழித் தருக்க நூலையும் தமிழில் தந்தார்.

அதே படுகையில் இன்று பொறியியல் பயிலும் மாணவர்கள் அளவை நூலின் கேள்வியை வேறொரு வடிவத்தில் அன்றாடம் எதிர்கொள்கிறார்கள். தஞ்சாவூரை அடுத்த திருமலைசமுத்திரத்திலும் வல்லத்திலும், கும்பகோணம், திருச்சி வட்டாரங்களிலும் உள்ள கல்லூரிகளில், மின்னணுச் சுற்று ஒன்றைப் பற்றவைப்பதற்கு முன் அதைக் கணினியில் வரைந்து ஓட்டிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. அவ்வாறு ஓட்டும்போது எதிர்பார்த்த வரைபடத்துக்குப் பதிலாகத் திரையில் ஒரு பிழைச்செய்தி வந்து நிற்பதும் வழக்கமே. அச்செய்தியை விரைவில் அகற்ற வேண்டிய இடையூறாக மட்டும் கருதுவோர் பலர். பிழை எங்கே இருக்கிறது, உலகிலா, உலகைக் குறித்து வரைந்த உருவிலா, கணக்கிடும் முறையிலா, அறிபவரிடமா என்று நின்று கேட்பவரோ அளவையியலின் நடுவே வந்து நிற்கிறார். அக்கேள்விக்குரிய விடையைத் தமிழ் அளவை மரபின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பாவனை மென்பொருள் கணக்கிடும் முறை

ஆய்வுக்கூடங்களில் சிமுலேஷன் என்று வழங்கும் பாவனை என்பது, ஒரு சுற்றின் உறுப்புகள் ஒவ்வொன்றையும் ஒரு சமன்பாடாக மாற்றி, அச்சமன்பாடுகளைச் சேர்த்துத் தீர்த்து, சுற்றின் ஒவ்வோரிடத்திலும் மின்னழுத்தமும் மின்னோட்டமும் எவ்வளவு இருக்கும் என்று கூறுவது. இத்துறையின் மென்பொருள்களுள் பெரும்பாலானவற்றுக்கு மூலம் ஸ்பைஸ் என்னும் நிரல். அமெரிக்காவின் பெர்க்லியில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் டொனால்டு பெடர்சனின் வழிகாட்டலில் லாரன்ஸ் நேகல் உருவாக்கிய அந்நிரல் 1973இல் வெளிவந்தது. 1975இல் அதன் இரண்டாம் வடிவம் வந்தது. ஒரே சிலிக்கன் துண்டில் பல டிரான்சிஸ்டர்களை அமைக்கும் தொகுப்புச் சுற்றுகள் பெருகிய காலம் அது. அத்தகைய சுற்றைத் தனித்தனி உறுப்புகளால் மேசைமேல் கட்டிப் பார்த்தால் அது சில்லில் உள்ளதைப் போல நடக்காது. சில்லாக வார்த்த பின்னரோ உள்ளே எதையும் மாற்ற முடியாது. கண்ணால் காண இயலாத இடத்தில் கருத்தால் காண வேண்டிய தேவையே பாவனையைப் பிறப்பித்தது. பொதுவுடைமையாக வழங்கப்பட்ட அந்நிரலின் வழிவந்தவையே இன்றைய என்ஜிஸ்பைஸ், எல்டிஸ்பைஸ் போன்றவை. மும்பை ஐ.ஐ.டி.யின் ஃபாஸி திட்டம் இந்திய மாணவர்களுக்காக இலவசமாக வழங்கும் இசிம் மென்பொருளும் உள்ளே என்ஜிஸ்பைஸைக் கொண்டே கணக்கிடுகிறது.

கணக்கின் அடிப்படை, 1845இல் ஜெர்மானிய அறிஞர் கிர்க்காஃப் வகுத்த விதி. உறுப்புகள் சந்திக்கும் இடம் கணு எனப்படும். ஒரு கணுவுக்குள் வரும் மின்னோட்டத்தின் கூட்டுத்தொகையும் அதைவிட்டு வெளியேறும் மின்னோட்டத்தின் கூட்டுத்தொகையும் சமம் என்பதே அவ்விதி. கல்லணைக்கு வந்து சேரும் நீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என நான்காகப் பிரியும்போது, பிரிந்தவற்றைக் கூட்டினால் வந்த அளவு கிடைக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதை இதற்கு ஒப்பிடலாம். ஆயின் ஆற்றுநீரில் ஒரு பகுதி மணலில் ஊறியும் வெயிலில் ஆவியாகியும் போவதைப் போல் அல்லாமல், பாவனைக் கணுவில் எழுதப்படாத இழப்பு என்று ஒன்று இராது. இந்த வேறுபாடு பின்னர்ப் பெரிதாக வளர்வதைக் காணலாம்.

டையோடு, டிரான்சிஸ்டர் போன்றவற்றின் சமன்பாடுகள் வளைகோடுகளாக இருப்பதால் அவற்றை ஒரே மூச்சில் தீர்க்க இயலாது. எனவே மென்பொருள் முதலில் ஒரு விடையை ஊகித்து, அது எவ்வளவு பிசகுகிறது என்று பார்த்துத் திருத்தி, மீண்டும் ஊகித்து, அடுத்தடுத்த இரண்டு விடைகளுக்கு இடையிலுள்ள வேறுபாடு மிகச் சிறிதாகும்வரை தொடர்கிறது. இது நியூட்டன்-ராப்சன் முறை எனப்படும். விடைகள் நெருங்கி ஒன்றில் நிலைபெறுவதை ஒருங்குதல் என்பர். எவ்வளவு நெருங்கினால் போதும் என்பதற்கு ஸ்பைஸில் முன்னரே எல்லை வகுக்கப்பட்டிருக்கிறது: பொதுவாக ஆயிரத்தில் ஒரு பங்கும், மிகச் சிறிய மின்னழுத்தங்களுக்கு ஒரு மைக்ரோவோல்ட்டும். ஆகவே மென்பொருள் தரும் விடை, போதும் என்று ஒப்புக்கொண்ட ஓர் எல்லைக்குள் அமைந்த ஊகமே. அதைப் பயன்படுத்துவோர் முதலில் மனங்கொள்ள வேண்டிய உண்மை இது.

பாவனை எவ்வகை அறிவு

சிவஞான சித்தியாரை இயற்றிய அருணந்தி சிவாசாரியார், பல சமயத்தாரும் கூறும் அளவைகளை எண்ணிக் காட்டி, அவை யாவும் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்கும் என்று முடிவு செய்கிறார். புலன்வழி நேரே அறிவது காட்சி; கண்ட ஒன்றைக்கொண்டு காணாத மற்றொன்றைத் துணிவது கருதல்; நம்பத்தக்கவர் சொல்லைக்கொண்டு அறிவது உரை. அலைகாட்டியின் முனையைச் சுற்றில் வைத்து மின்னழுத்தத்தை அளப்பது காட்சியைச் சேர்ந்தது. பாவனையின் திரையில் தோன்றும் வரைகோடும் அலைகாட்டியில் தெரிவதைப் போலவே இருத்தலால், அதையும் காட்சியாகக் கொண்டுவிடும் மயக்கம் எளிதில் உண்டாகிறது. உண்மையில் அக்கோட்டுக்கு நேரான பொருள் உலகில் எங்கும் இல்லை. வரைந்தவரின் கருத்திலிருந்தும், டிரான்சிஸ்டரைச் செய்த நிறுவனம் அதன் இயல்பாகச் சொல்லி வெளியிட்ட எண்களிலிருந்தும் அது பிறந்தது. இந்த எண்களின் தொகுதியை மாதிரி என்பர். மாதிரியை நம்புவது உரையளவை. அதிலிருந்து விடையைப் பெறுவது கருதலளவையை ஒத்தது.

ஒத்தது என்று மட்டுமே சொல்ல வேண்டியிருப்பதற்குக் காரணம் உண்டு. கருதலுக்கு, கண்ட ஓர் ஏது வேண்டும்: மலையில் புகையைக் கண்ட பின்னரே நெருப்பு உண்டு என்று துணிகிறோம். பாவனையிலோ புகை காணப்படவில்லை. புகை இருப்பதாக வைத்துக்கொள்ளப்படுகிறது. இவ்வாறு ஒன்றை ஏற்றிவைத்து, அது உண்டாயின் இன்னது நேர வேண்டும் என்று காட்டும் முறையைத் தருக்க சங்கிரகம் தருக்கம் என்கிறது. நெருப்பு இல்லையாயின் புகையும் இல்லாதிருக்க வேண்டும் என்று சொல்லி எதிராளியின் ஐயத்தைப் போக்குவது அதற்குக் காட்டப்படும் சான்று. வியப்புக்குரியது என்னவெனில், ஐயம், திரிபு, தருக்கம் என்று மெய்யல்லாத அறிவை மூன்றாகப் பகுக்கும் அந்நூல், தருக்கத்தையும் அவற்றுள் ஒன்றாகவே வைக்கிறது. இருப்பினும் அளவைக்குத் துணைசெய்வது என்று அதற்கு ஒரு மதிப்பும் தருகிறது. தானே மெய்யறிவாகாது, ஆனால் மெய்யறிவுக்கு வழிசெய்யும் என்னும் இந்த இடம் பாவனைக்கு முற்றும் பொருந்துகிறது. பாவனை சுற்றை மெய்ப்பிப்பதில்லை; சுற்றைக் குறித்த கருத்து எங்கே முரண்படும் என்பதைக் காட்டி, மெய்ப்பிப்பவருக்குத் துணைநிற்கிறது. ஆகவே பிழைச்செய்தி தோன்றும் இடமே பாவனை தன் கடமையைச் செம்மையாகச் செய்யும் இடம்.

ஒரு ரிலேயின் கதி

இதை ஒரு சிறிய சுற்றில் நெருங்கிப் பார்க்கலாம். மேட்டூர் அணை நீர் வந்து சேராத நாட்களில் காவிரி டெல்டாவின் வயல்கள் ஆழ்துளைக் கிணற்று நீரை நம்பியிருக்கின்றன. மும்முனை மின்சாரம் வரும்போது மோட்டாரைத் தானே இயக்கி, தொட்டி நிரம்பியதும் நிறுத்தும் சுற்றுகள் மாணவர் செயல்திட்டங்களில் அடிக்கடி இடம்பெறுபவை. அவற்றின் உள்ளே பெரும்பாலும் 12 வோல்ட்டில் இயங்கும் ரிலே ஒன்று இருக்கும். அதன் கம்பிச்சுருளின் மின்தடை 400 ஓம் என்றால் அதில் 30 மில்லியாம்பியர் மின்னோட்டம் பாயும். பிசி547 போன்ற ஒரு சிறு டிரான்சிஸ்டர் அந்த மின்னோட்டத்தைத் திறந்தும் அடைத்தும் ரிலேயை இயக்கும்.

மாணவர் ஒருவர் கம்பிச்சுருளை வெறும் 400 ஓம் மின்தடையாக வரைந்தால், பாவனை எவ்விதத் தடையுமின்றி ஓடி, அழகான சதுர அலையைக் காட்டும். மற்றொருவர் அதை மின்தூண்டியாக வரைந்து, டிரான்சிஸ்டருக்குப் பதில் இலட்சிய நிலைமாற்றி ஒன்றை வைத்தால், நிலைமாற்றி திறக்கும் கணத்தில் மென்பொருள் தடுமாறும். தன்னுள் ஓடும் மின்னோட்டம் திடீரென நிற்பதை மின்தூண்டி ஏற்காது. மாற்றம் எவ்வளவு விரைவானதோ அவ்வளவு பெரிய மின்னழுத்தத்தை அது எழுப்பும். கண நேரத்தில் மின்னோட்டம் சுழியாக வேண்டும் என்று கட்டளையிட்டால் மின்னழுத்தம் எல்லையற்றதாக வேண்டும். மென்பொருள் காலத்தை மேலும் மேலும் சிறு துண்டுகளாக்கி விடை தேடி, இறுதியில் காலத்துண்டு மிகச் சிறிதாகிவிட்டது என்ற பிழைச்செய்தியோடு நின்றுபோவதுண்டு. நிற்காவிட்டால் நடக்கவே முடியாத ஒரு மின்னழுத்தத்தைக் காட்டும். மூன்றாமவர் டிரான்சிஸ்டரையே வைத்தால், ஸ்பைஸின் வழக்கமான டிரான்சிஸ்டர் மாதிரியில் முறிவு மின்னழுத்தம் இடம்பெறாததால், 45 வோல்ட்டுக்கு மேல் தாங்காத அந்த உறுப்பின் மேல் நூற்றுக்கணக்கிலோ ஆயிரக்கணக்கிலோ வோல்ட் நிற்பதாக வரைபடம் காட்டும்; எச்சரிக்கை எதுவும் வராது.

மூவருள் உண்மைக்கு அணுக்கமாக நிற்பவர், மென்பொருள் நின்றுபோகப் பெற்ற இரண்டாமவர். அவருக்குக் கிடைத்த பிழைச்செய்தி தருக்க நூலார் அநிட்டப் பிரசங்கம் என்று சொல்லும் வகையைச் சேர்ந்தது. அதாவது, உன் கொள்கையை ஏற்றால் ஒருவரும் ஏற்க இயலாத இம்முடிவு வரும் என்று காட்டுவது. ரிலேச் சுருளுக்குக் குறுக்கே எதிர்த்திசையில் 1என்4007 போன்ற ஒரு டையோடை வைத்தால், சுருளின் மின்னோட்டம் அதன்வழியே சுழன்று தணியும், பிழைச்செய்தியும் மறையும், மேசையில் கட்டிய சுற்றிலும் டிரான்சிஸ்டர் பிழைக்கும். முதலாமவரின் பிழையற்ற ஓட்டம் அவரை அந்த டையோடை மறக்கச் செய்தது. பிழைச்செய்தி வராமை மெய்ம்மைக்குச் சான்றாகாது என்பது இதனால் பெறப்படும்.

அறிவின் எட்டுப் போலிகள்

மணிமேகலையின் 27ஆவது காதையாகிய சமயக் கணக்கர்தம் திறம் கேட்ட காதையில், அளவைவாதி தன் கொள்கையை எடுத்துரைக்கும்போது, அளவையைப் போலத் தோன்றி அளவையாகாதவை எட்டு என்கிறான்: சுட்டுணர்வு, திரியக்கோடல், ஐயம், தேராது தெளிதல், கண்டுணராமை, இல்வழக்கு, உணர்ந்ததை உணர்தல், நினைப்பு. மணிமேகலையை இயற்றிய சீத்தலைச் சாத்தனார் கணினியை முன்னறிந்து இவற்றைச் சொன்னார் என்பதற்கில்லை. கருவி மாறினும் அறிபவரின் குறைகள் மாறாமையால், அவர் வகுத்த பகுப்பு இன்றும் பயன்படுகிறது என்பதே இங்குக் கூறப்படுவது.

சுட்டுணர்வாவது, ஏதோ ஒன்று உண்டு என்ற அளவில் நின்று, அது இன்னதென்று அறியாமை. திரையில் சிவப்பு எழுத்தைக் கண்டதும் பிழை வந்துவிட்டது என்று மட்டும் அறிந்து, அது எந்தக் கணுவைச் சுட்டுகிறது, எந்த நேரத்தில் நிகழ்ந்தது என்று படிக்காமல் விடுவது இவ்வகை. பிழைச்செய்தியில் கணுவின் பெயர் பெரும்பாலும் குறிக்கப்பட்டிருக்கும். அதை வாசிப்பதே திருத்தத்தின் தொடக்கம்.

திரியக்கோடல், ஒன்றை மற்றொன்றாகக் கொள்ளல்; கிளிஞ்சிலை வெள்ளியாகக் காண்பது இதற்கு நூலோர் காட்டும் சான்று. ஸ்பைஸ் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகவே படிப்பதால், பத்து இலட்சம் ஓம் என்று கருதி 1 என்ற எண்ணுக்குப் பின் எம் என்ற எழுத்தை இடுபவருக்கு, ஆயிரத்தில் ஒரு பங்கு ஓம் உள்ள மின்தடையே கிடைக்கிறது. மெகா என்பதற்கு மெக் என்று மூன்றெழுத்தாக எழுத வேண்டும். எழுதியவர் எண்ணியதற்கும் மென்பொருள் கொண்டதற்கும் இடையே நூறு கோடி மடங்கு வேறுபாடு, எச்சரிக்கையோ இல்லை. அவ்வாறே ஒரு ஃபாரட் என்று கருதி மின்தேக்கியின் மதிப்பில் எஃப் என்ற எழுத்தைச் சேர்த்தால், மென்பொருள் அதை ஃபெம்டோ என்று படித்து, மிக நுண்ணிய மின்தேக்கியாகக் கொள்ளும். கணிப்புமுறையே திரிபை உண்டாக்குவதும் உண்டு. சரிவக முறை என்னும் தொகையிடும் முறை, திடீர் மாற்றங்களுக்குப் பின் ஒவ்வொரு காலத்துண்டிலும் மேலும் கீழுமாகத் துள்ளும் அலையைக் காட்டக்கூடும்; அது சுற்றின் அலைவு போலவே தோன்றும். கியர் முறைக்கு மாற்றியோ காலத்துண்டைக் குறைத்தோ ஓட்டும்போது அந்தத் துள்ளல் மறைந்தால், அது கணக்கின் அலைவு என்று தெளியலாம்.

ஐயம், கம்பமோ மனிதனோ என்று இரண்டிடத்தும் ஊசலாடல். ஒருங்காமல் நிற்கும் கணக்கு இதற்குச் சான்று: விடை ஒரு முறை இங்கும் மறு முறை அங்குமாகத் தாவி, வகுத்த எண்ணிக்கையிலான முயற்சிகள் தீர்ந்ததும் மென்பொருள் கைவிடுகிறது. ஐயத்தை ஐயமாகவே ஒப்புக்கொள்வதால் இது போலிகளுள் நேர்மையானது.

தேராது தெளிதல் அதனினும் தீயது. ஆராயாமலே கம்பத்தை மனிதன் என்று துணிதல். இரண்டு எல்.இ.டி. விளக்குகள் மாறி மாறி எரியும் பல்லதிர்வுச் சுற்று தொடக்க மாணவர்க்குப் பழகியது. மேசையில் கட்டினால் உடனே மின்னத் தொடங்கும் அச்சுற்று, பாவனையில் பல சமயம் அசையாமல் நிற்கும். இரண்டு பக்கமும் அணுவளவும் வேறுபாடின்றி எழுதப்பட்டிருப்பதால், இரண்டு டிரான்சிஸ்டர்களும் ஒரே நிலையில் நிற்பதும் சமன்பாடுகளுக்கு ஒரு விடையாகிறது. மென்பொருள் அதைக் கண்டு அமைதியாக நின்றுவிடுகிறது. மெய்யுலகில் ஒன்றுபோலவே இன்னொரு டிரான்சிஸ்டர் இல்லை. வெப்பத்தால் எழும் நுண்ணிய இரைச்சல் இல்லாத கம்பியும் இல்லை. ஆதலால் அந்தச் சமநிலை ஒரு கணமும் நிலைக்காது. தொடக்கத்தில் ஒரு கணுவுக்குச் சிறு மின்னழுத்தத்தைக் குறித்துக் கொடுத்தால் பாவனையும் அலைவைத் தொடங்கும். சடப்பொருள் தானே தொழிற்படாது, செயற்படுத்தும் நிமித்த காரணம் வேண்டும் என்னும் சைவ சித்தாந்த வாதம் இங்கு நினைவுக்கு வருவது இயல்பு. எனினும் இச்சுற்றை இறை உண்மைக்குச் சான்றாகக் காட்டுவது பொருந்தாது. இதனால் பெறப்படுவது, உருவை வரைந்தவர் எழுதாத தொடக்கம் அதில் தானே தோன்றாது என்பதே.

கண்டுணராமை, எதிரே உள்ளதைக் கண்டும் அதன் தன்மையை உணராமை. மேலே சொன்ன டிரான்சிஸ்டரின் மேல் ஆயிரம் வோல்ட் நிற்கும் வரைபடத்தைக் கண்டும், அச்சின் அளவைப் பார்க்காமல் அலையின் வடிவத்தை மட்டும் பார்த்து நிறைவடைவது இதன்பாற்படும்.

இல்வழக்கு, முயற்கோடு என்பது போல இல்லாத பொருளைச் சொல்லால் உண்டாக்கல். 5 வோல்ட் இலட்சிய மின்மூலத்தையும் 9 வோல்ட் இலட்சிய மின்மூலத்தையும் இணையாகக் கட்டினால், ஒரே இரண்டு கணுக்களுக்கிடையே இரண்டு மின்னழுத்தங்கள் இருக்க வேண்டும் என்றாகிறது. இலட்சிய மின்மூலத்தை மின்தூண்டிக்கு நேரிணையாக வைத்தாலும், நேர்மின்னோட்டக் கணக்கில் மின்தூண்டி வெறுங்கம்பியாவதால், அதே முரண்பாடு எழும். சமன்பாடுகளை நிரை நிரலாக அடுக்கிய அணி அப்போது பூச்சியக் கோவை அணியாகி, விடை இல்லாததாகிறது. மெய்யான மின்கலம் ஒவ்வொன்றுக்கும் அகமின்தடை உண்டு. அதைச் சிறிதளவு எழுதிச் சேர்த்ததும் முரண்பாடு நீங்கும்.

பூச்சியக் கோவை அணி என்னும் இதே பிழைச்செய்தி எதிர்ப்பக்கத்திலிருந்தும் வரும். சுற்றில் தரைக்கணு குறிக்கப்படாதபோதும், ஒரு கணு இரண்டு மின்தேக்கிகளுக்கு நடுவே மட்டும் தொங்கும்போதும், விடை ஒன்றும் இல்லாமல் போகாமல், எண்ணிறந்த விடைகள் உண்டாகின்றன. மின்னழுத்தம் என்பது எப்போதும் ஓரிடத்துக்கும் மற்றோரிடத்துக்கும் உள்ள வேறுபாடு. சுழி எனக் கொள்ளும் ஓரிடம் இல்லாமல் வேறு எவ்விடத்தின் அளவையும் கூற முடியாது. எல்லா அறிவும் ஏதோ ஒரு நிலைக்களத்தைச் சார்ந்தே எழுகிறது என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று அரிது. நேர்மின்னோட்டத்துக்கு வழியற்ற கணுவுக்கு, நூறு கோடி ஓம் மின்தடை ஒன்றைத் தரையோடு இணைப்பது வழக்கமான திருத்தம். மெய்யான மின்தேக்கியில் எப்போதும் சிறு கசிவு இருத்தலால், அத்திருத்தம் உருவை உலகுக்கு நெருங்கச் செய்கிறது.

உணர்ந்ததை உணர்தல், முன்பே அறிந்ததைப் புதிதாக அறிந்ததாகக் கொள்ளல். ஒரு சூத்திரத்தைக்கொண்டு மின்தடையின் அளவைத் தேர்ந்து, அதே சூத்திரத்தால் அமைந்த மாதிரியில் ஓட்டி, எதிர்பார்த்த விடை வந்தது என்று மகிழ்வது இவ்வகை. சூத்திரம் தன்னைத்தானே ஒப்புக்கொண்டது என்பதற்குமேல் அதில் செய்தி இல்லை. நினைப்பு, காரணம் காணாமல் பிறர் சொல்லியதையே கொள்ளல். மென்பொருள் தானாக நிரப்பும் மதிப்புகளை ஆராயாமல் ஏற்பது அது. ஸ்பைஸ் வேறு கட்டளை இல்லாதபோது வெப்பநிலையை 27 பாகை செல்சியஸ் என்றே கொள்கிறது; சித்திரை வெயிலில் தகரக் கூரையின் கீழ் இருக்கும் மோட்டார் கொட்டகையில், பெட்டிக்குள் அடைபட்ட டிரான்சிஸ்டர் அந்த வெப்பநிலையை அறியாது.

இல்லாதது தோன்றாது

இவ்வெட்டையும் ஒருங்கே நோக்கும்போது, சைவ சித்தாந்தம் கொள்ளும் சற்காரியவாதம் பாவனைக்கு வியத்தகு முறையில் பொருந்துவதைக் காணலாம். காரணத்தில் இல்லாதது காரியத்தில் தோன்றாது என்பது அக்கொள்கை. உலகைப் பற்றி அதை ஏற்பதும் மறுப்பதும் சமயங்களுக்கிடையே நெடுங்கால வழக்கு. பாவனையைப் பொறுத்தவரை வழக்கே இல்லை. வரைந்தவர் எழுதிய உறுப்புகளிலும் மாதிரிகளிலும் இல்லாத எதுவும் விடையில் தோன்ற வழியில்லை. மழைக்கால ஈரம் பலகையில் உண்டாக்கும் கசிவு, கிராமத்து மின்கம்பியில் மாலைநேரத்தில் விழும் மின்னழுத்தம், ஐந்து விழுக்காடு கூடியும் குறைந்தும் வரும் மின்தடைகள் ஆகியவை எழுதப்பட்டால் விடையில் இருக்கும், எழுதப்படாவிட்டால் இரா. மெய்யுலகோ ஒருவரும் எழுதாத காரணங்களையும் தன்னுள் கொண்டது. பாவனைக்கும் உலகுக்கும் உள்ள இடைவெளி கணினியின் வேகத்தால் குறைவதில்லை. எழுதுபவரின் கவனத்தாலும் காட்சியாலுமே குறைகிறது.

பரபக்கமும் மறுப்பும்

சித்தியார் பிறர் கொள்கையைப் பரபக்கம் என்று முன்வைத்து மறுத்த பின்னரே தன் கொள்கையைச் சுபக்கம் என்று நிறுவும். அம்முறையில் இங்கும் இரண்டு மறுப்புகளை எதிர்கொள்ள வேண்டும்.

காட்சி ஒன்றையே அளவையாகக் கொள்ளும் உலகாயதரின் வழியில் நிற்பவர், பாவனை இத்தனை போலிகளுக்கு இடமாயின் அதை விட்டொழித்து, சுற்றைக் கட்டிப் பார்ப்பதே தக்கது என்பார். தொகுப்புச் சுற்றின் உள்ளே அலைகாட்டியின் முனை நுழையாது; ஆயிரம் பலகைகள் வெவ்வேறு வெப்பநிலையிலும் உறுப்பு வேறுபாட்டிலும் எவ்வாறு நடக்கும் என்பதை ஒரு பலகையைக் கட்டிக் காண முடியாது. காட்சியும் தன்னளவில் பிழையற்றதன்று. அளக்கும் முனையே சுற்றின்மேல் சுமையாகி அதன் நடத்தையை மாற்றுவதுண்டு. ஆதலால் கருதலையும் தருக்கத்தையும் விட்டவர் காட்சியையும் முழுமையாகப் பெறார்.

மற்றொரு சாரார், மாதிரிகளும் கணினிகளும் மேம்பட மேம்படப் பாவனை உலகை முற்றும் விழுங்கிவிடும், அப்போது சோதனை தேவையற்றதாகும் என்பர். சித்தியார் காட்டும் கருட தியான உவமை இங்குக் கூர்மையான விடை தருகிறது. கருடனைத் தியானிக்கும் மாந்திரிகர் விடத்தை நீக்குகிறார். எனினும் அவர் கருடனாகிவிடுவதில்லை. பாவனையின் பயன் மெய்யானது; அப்பயன் பாவனையைப் பொருளாக்கிவிடாது. இன்னும் ஆழ்ந்து நோக்கினால், காட்சி முதலியவற்றை அறிவுக்குரிய வாயில்களாகக் கொண்டு, உயிரின் அறிவாற்றலையே முதன்மையான அளவையாகச் சித்தாந்தம் கொள்கிறது. கருவி எவ்வளவு நுட்பமானதாயினும் துணிபவர் உயிரே என்பதால், துணிவின் பொறுப்பும் கருவிக்குச் செல்லாது.

திருத்தும் முறையில் நேர்மை

இக்கொள்கையிலிருந்து திருத்தும் முறைக்கும் ஓர் ஒழுங்கு பிறக்கிறது. பிழைச்செய்தி வந்ததும் முதலில் அதை முழுவதும் வாசித்து, தரைக்கணு உண்டா, ஒவ்வொரு கணுவுக்கும் நேர்மின்னோட்ட வழி உண்டா, இலட்சிய மின்மூலங்கள் முரண்படுகின்றனவா, அலகெழுத்துகள் எண்ணியவாறு உள்ளனவா என்று சோதிக்க வேண்டும். அதன்பின் மாதிரிகள் மெய்யான உறுப்புக்கு உரியவையா என்று பார்க்க வேண்டும். இவற்றுக்குப் பின்னரே கணக்கிடும் முறையின் எல்லைகளைத் தொட வேண்டும். பலர் இவ்வரிசையைத் தலைகீழாக்கி, ஒருங்காத கணக்கைக் கண்டவுடன் ஆயிரத்தில் ஒரு பங்கு என்னும் எல்லையை நூற்றில் ஒரு பங்காகத் தளர்த்திவிடுகின்றனர். செய்தி மறைகிறது, மெய்ம்மையின் தரம் தாழ்ந்தது என்ற உண்மை அதனோடு மறைந்துவிடுகிறது.

இதற்கு மாறாக மென்பொருளே மேற்கொள்ளும் ஒரு முறை நேர்மைக்கு நல்ல சான்று. கணக்கு ஒருங்காதபோது, குறைகடத்தி உறுப்புகளின் சந்திகளுக்குக் குறுக்கே தற்காலிகமாகச் சிறு கடத்துதிறனைச் சேர்த்து, எளிதாகிவிட்ட சுற்றைத் தீர்த்து, அவ்விடையைத் தொடக்கமாகக் கொண்டு, சேர்த்ததைப் படிப்படியாகக் குறைத்து, இறுதியில் வழக்கமான மிகச் சிறிய அளவுக்கே திரும்பி மெய்யான சுற்றின் விடையை அடைகிறது. துணையைச் சேர்க்கலாம், அதைச் சேர்த்ததை மறக்கக் கூடாது, விடையைச் சொல்லுமுன் அதை அகற்றியாக வேண்டும்.

உயிர் தானே அறியாது, அறிவிக்க அறியும் என்பது சித்தாந்தத்தின் துணிபு. அறிவிப்பது எதுவாயினும், அதை அறிவிப்பாக ஏற்கும் பணிவு இல்லாதவிடத்து அறிவு விளங்காது. தன் கருத்தில் பிழையிராது என்னும் முனைப்பையே ஆணவத்தின் செயல் என்று அம்மரபு சொல்லும். பிழைச்செய்தியைப் பகையாகக் கொள்பவர் அதை மறைக்கும் வழியைத் தேடுவார்; அறிவிப்பாகக் கொள்பவர் தம் கருத்தைத் திருத்துவார்.

ஆகவே டெல்டாவின் பொறியியல் ஆசிரியர்கள் செய்யத்தக்க பணி ஒன்று உண்டு. ஆய்வுக்கூடக் குறிப்பேட்டில் இறுதி வரைபடத்தை மட்டும் ஒட்டச் சொல்லாமல், வந்த பிழைச்செய்தி எது, அதன் காரணம் உருவில் இருந்ததா, கணக்கில் இருந்ததா, தம் துணிவில் இருந்ததா என்பதையும், மேசையில் கட்டி அளந்தபோது விடை எவ்வளவு வேறுபட்டது என்பதையும் மாணவர்கள் எழுதுமாறு செய்ய வேண்டும். பிழையைக் கண்டு அதன் காரணத்தைச் சரியாகச் சொன்ன மாணவருக்கு, பிழையே வராதவருக்குத் தருவதினும் குறையாத மதிப்பெண் தர வேண்டும். அளவை நூல்களையும் மின்னணு நூல்களையும் வெவ்வேறு அலமாரிகளில் வைத்துப் பழகிய கல்லூரிகள், மணிமேகலையின் அந்த ஒரு காதையையும் சித்தியாரின் அளவைப் பகுதியையும் முதலாண்டுப் பொறியியல் வகுப்பில் ஒரு வாரம் பயிற்றினாலும், திரையை நம்புவதற்கும் திரையை ஆராய்வதற்கும் உள்ள வேறுபாட்டை மாணவர்கள் தொடக்கத்திலேயே கற்றுக்கொள்வார்கள்.